ஒயரை வெட்டின மொதலாளி

தென்காசியில ஒரு நகைக்கடை. மொதலாளி உமையொருபாகம் இருமுனாக்கூட ஊரே எந்திரிச்சு நிக்கணும். அவருகிட்ட எலக்ட்ரீஷியன் பேச்சிமுத்து. ரெண்டு வருசம் படிச்சும் எட்டாங்கிளாஸுக்கு அவனப் புடிக்கல.

கடையில அலாரம் மாட்டினது அவன்தான். திருடன் வந்தா மெட்ராஸ்ல ஒரு கண்காணிப்பு ஆபீஸுக்குச் சேதி போவும், அவங்க போலீஸ அனுப்புவாங்க.

ஒருநா காலையில, கடை தெறக்குமுன்ன, மொதலாளி கட்டிங் பிளேயரோட வந்தாரு.

"ஏலே, சேதி போற ஒயர வெட்டுதேன், சிம்மையும் உருவுதேன். அப்பவும் மெட்ராஸுக்குத் தெரிஞ்சா உனக்கு வேலை. இல்லன்னா வீட்டுக்குப் போ."

"வெட்டுங்க அண்ணாச்சி."

வெட்டினாரு, சிம்மையும் உருவினாரு. "இனி யாருலே சொல்லுவா?"

"யாரும் சொல்லலன்னாத்தான் ஆபத்து அண்ணாச்சி. அலாரம் பொட்டி அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மெட்ராஸுக்கு 'நல்லாருக்கேன்'னு சொல்லணும். நானும் வீட்டுக்கு அப்படித்தான் போன் போடுதேன். ஒரு தடவ போடல, எம்பொண்டாட்டி கடைக்கே வந்துட்டா. சாராயக்கடைக்கு."

கொஞ்ச நேரத்துல மொதலாளி செல்லு அடிச்சது. மெட்ராஸ் ஆபீஸு.

"சார், உங்க அலாரம் பேசல. ரகசிய வார்த்தை சொல்லுங்க."

அவரே வச்ச வார்த்தை, அவருக்கே மறந்துபோச்சு. "நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியல சார், அதான் கேக்குறேன்."

பத்து நிமிசத்துல, ஊருக்குப் புதுசா வந்த எஸ்.ஐ., பிளேயரும் கையுமா நின்னவரப் புடிச்சிட்டாரு.

"ஏலே பேச்சி, நான் யாருன்னு சொல்லுலே!"

பேச்சிமுத்து தலயச் சொறிஞ்சான். "எனக்கு வேலை இருக்கா இல்லியான்னு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அது தெரிஞ்சாத்தான, நீங்க எனக்கு மொதலாளியா இல்லியான்னு நான் சொல்ல முடியும்?"