படத்தில் பேசிய பூனை

அந்தக் காலத்தில் பூனைகள் பேசின. அந்தக் காலம் என்றதும் ராஜாவும் ரதமும் இருந்த காலம் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற மிருகங்களெல்லாம் மனிதர்களோடு பேசிப் பயனில்லை என்று எப்போதோ வாயை மூடிக்கொண்டன. பூனை மட்டும் மனம் வராமல், இணையம் வந்த புதிதிலும் பேசிக்கொண்டுதான் இருந்தது.

தூத்துக்குடியில் ஞானராஜ் நடத்திய பிரவுசிங் சென்டரில் பொட்டு என்று ஒரு பூனை. வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்பாய் ஒரு வட்டம். அன்றைய கம்ப்யூட்டருக்கு முதுகு பெரிது, சூடும் அதிகம். அதன் மேல் சுகமாகப் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடிப்பதுதான் பொட்டுவின் வேலை. யார் செருப்போடு உள்ளே வந்தார், யார் பக்கத்து ஆளின் மெயிலை எட்டிப் பார்க்கிறார், ஒன்றையும் விடாது. ஞானராஜுக்கும் அது சொன்னால் சொன்னதுதான்.

ஒரு நாள் அவர் புது வெப்கேமரா வாங்கி மாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பொட்டு, "அண்ணாச்சி, சாரல் அடிக்கி. ஜன்னலச் சாத்துங்க" என்றது. திறந்த வாயோடு படம் விழுந்துவிட்டது.

ஞானராஜுக்கு அதை மஸ்கட்டில் இருக்கும் மச்சானுக்கு அனுப்ப ஆசை. கூடவே தமிழில் இரண்டு வார்த்தை எழுதலாம் என்றால், அங்கே போய்ச் சேரும்போது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்போது ஃபான்ட் தொல்லை அப்படி. அதனால் எழுத்தைப் படத்தின் மேலேயே போட்டுவிட்டார். பொட்டு சொன்னதை எழுதியிருந்தால் வம்பே இல்லை. மனுஷன் கை சும்மா இருக்குமா? "இன்னைக்கும் மீன் இல்லையா? அப்ப நான் ராஜினாமா!" என்று எழுதி அனுப்பினார்.

"நான் எப்ப அண்ணாச்சி அப்படிச் சொன்னேன்?" என்றது பொட்டு.

"சும்மா சிரிக்கத்தான்ட்டி. மச்சான் சிரிப்பான்லா."

மச்சான் சிரித்தார். சிங்கப்பூருக்கு அனுப்பினார். அங்கிருந்து கனடா போயிற்று. கடைசியில் ஊரெல்லாம் சுற்றிவிட்டு இதே சென்டருக்கு வந்து சேர்ந்தது. மெர்சி என்ற காலேஜ் பெண் அதைத் திறந்து சிரித்தவள், தலை நிமிர்ந்தால் எதிரே அதே பூனை. "ஏ, ராஜினாமா பூனை இங்கனதான் இருக்கு!" என்று கத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரே கூட்டம். பொட்டுவுக்கும் முதலில் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன். மீன் வேறு வந்து குவிந்தது. ஆனால் அது எதைச் சொன்னாலும் ஜனங்கள் காதில் படத்தில் இருந்த வரிதான் விழுந்தது. "ஃபேன் கடகடங்குது" என்றால், "மீன் கேக்குது பாரு" என்றார்கள். "தண்ணி வைங்க" என்று கெஞ்சினால் அதற்கும் மீன் வைத்தார்கள். பாவம், நிறைந்த தட்டின் முன்னால் தாகத்தோடு உட்கார்ந்திருந்தது.

பொட்டுவுக்கு அப்போது ஒரே குட்டி. கண் திறந்து ஓடியாடத் தொடங்கியிருந்தது. ஒரு மதியம் அது அலமாரி வழியாக ஏறி, வாசலுக்கு மேலே சுருண்டிருந்த ஷட்டருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஞானராஜ் சாப்பிடப் போகக் கொக்கிக் கம்பியை எடுத்தார். ஷட்டர் இறங்கினால் குட்டி நசுங்கிவிடும்.

பொட்டு பாய்ந்து வந்தது. "அண்ணாச்சி, எறக்காதீங்க! குட்டி மேல கெடக்கு!"

வாசலில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மீன் வராம கடைய மூட விடாதாம்" என்றாள் மெர்சி.

"சாப்பிட்டு வந்து ராஜினாமாவ வாங்கிக்கிடுதேன்ட்டி" என்று ஞானராஜும் சிரித்தபடி இழுத்தார். ஷட்டர் ஒரு முழம் இறங்கியது.

பொட்டு அவர் காலைச் சுற்றிச் சுற்றிச் சொன்னது. சொல்லச் சொல்லச் சிரிப்புதான் கூடியது. தான் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் படத்துப் பூனை முந்திக்கொள்கிறது என்று அதற்கு அப்போதுதான் விளங்கியது. வார்த்தையை விட்டது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டது.

"மியாஆஆவ்!"

இந்த மாதிரி ஒன்றை அதுவரை யாரும் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. ஞானராஜின் கையும் நின்றது. பொட்டுவின் கண் போன பக்கம் நிமிர்ந்தார். சுருளின் ஓரத்தில் ஒரு குட்டி வால் துடித்துக்கொண்டிருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறிக் குட்டியை எடுத்தார். உயிர் இருந்தது. "மன்னிச்சிரு தாயி. எவ்வளவு சொன்ன, கேக்கலியே. என்னத் திட்டவாவது செய். ஒரு வார்த்தை பேசுட்டி" என்று அழுதேவிட்டார்.

பொட்டு அவர் முகத்தைப் பார்த்தது. அவர் மேல் அதற்குக் கோபம்கூட இல்லை. இனிச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டது.

நடந்ததை மற்றப் பூனைகளிடம் சொல்லியிருக்கும்போல. அன்று முதல்தான் பூனைகள் நம்மிடம் மியாவ் என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. கேமராவைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. நாம் இன்னும் அவற்றின் படத்தின் மேல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம், அவை என்ன சொல்ல வந்தன என்று கேட்காமலே.