நாற்றம் சேர்த்த வாயு

கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் செங்கமலம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயைத் திறக்கும்போதே, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஐயா சொன்னதில் ஒரு சொல் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. ஆனாலும் அந்த விளக்கு ஏன் அணைந்தது என்று யாராவது கேட்டால், எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

செங்கமலம், வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் அன்னசாலையில் சமைக்கிறவள். ஐயா அங்கே குரு. வயதில் அவளைவிட இளையவர். அதனால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். துறவுக்கு வருவதற்கு முன்னால் பெரிய வாயு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர்.

அன்னசாலையில் ஒரு வழக்கம் உண்டு. சமையற்கட்டு வாசல் மாடத்தில் ஒரு விளக்கு எரியும். முதல் குருவான பெரிய ஐயா ஏற்றிவைத்தது. அதற்குப் பிறகு அணைந்ததே இல்லை. வெள்ளம் வந்தபோதுகூடத் தலையில் தூக்கிக் காப்பாற்றினார்கள். அடுப்பை அந்தச் சுடரிலிருந்துதான் பற்றவைக்க வேண்டும். தீப்பெட்டி உள்ளே வரக்கூடாது. விறகு போய்க் குழாய் வாயு வந்த பிறகும் அது மாறவில்லை.

செங்கமலத்துக்கு எதற்கெடுத்தாலும் பயம். வால்வை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருவாள். ஒரு நாள் வாயு கசிகிறது என்று கத்தி, பந்தியில் இருந்தவர்களை எச்சில் கையோடு தெருவுக்கு விரட்டிவிட்டாள். கடைசியில் பார்த்தால் கூடைக்கு அடியில் அழுகிய முட்டைக்கோஸ். சாலை நிர்வாகத்தைப் பார்க்கும் வைத்திலிங்கம் அன்றைக்கே அவளுக்கு முட்டைக்கோஸ் என்று பெயர் வைத்துவிட்டார்.

மனசு ஆறாமல் ஐயாவிடம் போனாள்.

"ஐயா, இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

ஐயா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நீல வாளியைக் காட்டினார்.

"இது என்ன அக்கா?"

"வாளி."

"அதுக்கு முன்னாடி?"

"பிளாஸ்டிக்கு."

"அதுக்கும் முன்னாடி?"

அவள் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஈத்தேன்னு ஒரு வாயு. பூமிக்குள்ளேருந்து வர்ற வாயுவுல கலந்திருக்கும். அதைப் பிரிச்செடுத்து, உலையில போட்டுக் காய்ச்சி உடைப்போம். உடைஞ்சா அது எத்திலீன்னு வேற வாயு. வாழைக்காயைப் பழுக்க வைக்கிறதும் அதுதான். அதைக் கோத்துக் கோத்து எடுத்தா இந்த வாளி, பால் கவரு, தண்ணிக் குழாய் எல்லாம் வரும்."

"அம்மாடி! எப்படி இருக்கும் அந்த ஈத்தேன்?"

"நிறம் கிடையாது. மணம் கிடையாது. பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாது. ஒரு பொறி பட்டாத்தான் தெரியும்."

"அப்போ எப்படித்தான் வேலை பார்த்தீங்க?"

"மூலைக்கு மூலை கருவி வச்சிருந்தோம். கசிஞ்சா மணி அடிக்கும்."

"நம்ம அடுப்புக்கு வர்றது?"

"அதுலயும் கொஞ்சம் ஈத்தேன் உண்டு. அதுக்கும் சொந்தமா வாசனை கிடையாது. வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாத்தம் சேர்த்து அனுப்புவாங்க."

"சேர்க்கிறதுதான் சேர்க்கிறாங்க, மல்லிப்பூ வாசனையாச் சேர்த்தா என்னவாம்? குடலைப் பிடுங்குதே!"

"மல்லிப்பூ வாசனை வந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"நல்லா இழுத்து ஒரு மூச்சு விடுவேன்."

ஐயா சிரித்தார். வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்.

செங்கமலத்துக்கு எரிச்சல். கேட்டது பயத்துக்கு மருந்து. கிடைத்தது வாளியின் பூர்வீகம்.

அமாவாசை வந்தது. அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஐயா பக்கத்து ஊரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். காலைக் கஞ்சிக்குப் பிறகு அடுப்பை நிறுத்திவிட்டுக் காய் நறுக்கியாகிவிட்டது. உலை ஏற்ற வேண்டும். வாசலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். செங்கமலம் சுடர் எடுக்கத் திரியோடு மாடத்துக்குப் போனாள்.

மூக்கில் அந்த நாற்றம் லேசாக ஏறியது.

கை நின்றுவிட்டது. கூடைகளைப் புரட்டினாள். கோஸ் இல்லை. சாக்கடையை எட்டிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"அண்ணே, நாத்தம் வருது."

வைத்திலிங்கம் மூக்கைச் சுளித்தார். "எலி ஏதாவது செத்திருக்கும். அமாவாசையும் அதுவுமா இதென்ன கண்றாவி. இரு, சாம்பிராணி போட்டுட்டா எல்லாம் போயிடும்."

"சாம்பிராணி வேண்டாம்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"ஏய் முட்டைக்கோஸ்! உனக்கு உன் நிழலைப் பார்த்தாலே பயம். ஜனங்க பசியோட உட்கார்ந்திருக்கு. அடுப்பைப் பத்தவை."

பந்தியில் யாரோ சிரித்தார்கள். அவர் முற்றத்துப் பக்கம் நடந்தார்.

செங்கமலம் அங்கேயே நின்றாள். இந்தத் தடவையும் எலியாக இருந்துவிட்டால் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது. எலியாக இல்லாவிட்டால்? சுடர் மாடத்தில் ஆடாமல் எரிந்துகொண்டிருந்தது. மூன்று குருமார் காத்த சுடர். நாற்றம் இப்போது தொண்டைவரை இறங்கியது.

முற்றத்திலிருந்து வைத்திலிங்கம் தூபக்காலோடு வந்துகொண்டிருந்தார். கங்கு செக்கச்செவேலென்று இருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. குழம்புச் சட்டியின் மூடியை எடுத்து விளக்கின்மேல் கவிழ்த்தாள். சுடர் போயிற்று. முற்றத்துக்கு ஓடினாள். கிணற்றடி நீல வாளித் தண்ணீரைத் தூக்கி அவர் கையிலிருந்த தூபக்கால்மேல் ஊற்றினாள். கங்கு சுர்ரென்றது. வைத்திலிங்கத்தின் வேட்டி முழுக்கச் சாம்பல்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"வெளியே போங்க! எல்லாரும் வெளியே போங்க! அந்த ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க, பொறி பறக்கும்!"

வெளிச்சுவரில் இருந்த பெரிய வால்வைத் திருகி மூடினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துபோட்டாள். பிறகு தெருவில் வந்து உட்கார்ந்தாள்.

தகவல் போய் வாயுக் கம்பெனி ஆள் வந்தார். பெரிய அடுப்புக்குப் பின்னால் குழாய் விரிசல் விட்டிருந்ததைக் காட்டினார். புதுக்குழாய் மாட்டி, சோப்பு நுரை தடவிப் பார்த்து, இனி அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பந்தியில் இருந்தவர்கள் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டு காத்திருந்தார்கள்.

பற்றவைக்க நெருப்புத்தான் இல்லை.

ஐயா வந்ததும் வைத்திலிங்கம் முந்திக்கொண்டார். "கசிஞ்சது வாஸ்தவம்தான் ஐயா. அதுக்காக பெரிய ஐயா ஏத்தின விளக்கை அணைக்கலாமா? சட்டி மூடியால! இனி அந்தச் சுடருக்கு எங்கே போறது?"

செங்கமலம் தலை நிமிரவில்லை. "பயத்துல அணைச்சுட்டேன் ஐயா. என்னை அனுப்பிடுங்க."

ஐயா மாடத்துக்கு முன்னால் நின்றார். மூடியை எடுத்தார். திரி கருகிக் கிடந்தது.

"வைத்திலிங்கண்ணே, தீப்பெட்டி இருக்கா?"

"ஐயா! தீப்பெட்டி இதுக்குள்ள..."

"பெரிய ஐயா இதை எதால ஏத்தினார்?"

வைத்திலிங்கம் தெருக்கோடிக் கடைக்குப் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தார். ஐயா அதைச் செங்கமலத்திடம் நீட்டினார். அவள் மூன்று குச்சியை வீணாக்கி நாலாவதில் ஏற்றினாள். உலை ஏறியது. அன்றைக்குப் பந்தி முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

பாத்திரம் கழுவிய கையோடு அவள் ஐயாவிடம் வந்தாள்.

"ஐயா, அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை."

"எதுக்கு?"

"பயம் போக வழி கேட்டேனே. அது இன்னும் போகலை. இப்பக்கூட உள்ளுக்குள்ள உதறுது."

"போயிடுச்சுன்னா அன்னைக்கே வந்து சொல்லுங்க அக்கா. சமையற்கட்டைப் பூட்டிச் சாவியை நானே வாங்கிக்கிறேன்."

செங்கமலம் எழுந்து வெளிச்சுவர்ப் பக்கம் போனாள். வேலை முடிந்து மூடியிருந்த வால்வை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தாள்.