பவளியும் பிசின் பூச்சும்

ஒரு காட்டில், புல்கூட முளைக்காத மொட்டைப்பாறை ஒன்று இருந்தது. அதை ஒட்டினாற்போல் ஒரு பெரிய அத்திமரம். மரம் நிறையக் குரங்குகள். பாறை உச்சியில் மட்டும் ஒரே ஒரு மந்தி உட்கார்ந்திருப்பாள். அவள் பெயர் பவளி.

சிறுத்தை எந்தப் புதரிலிருந்து தலை நீட்டுகிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பதுதான் பவளியின் வேலை. "க்கேக்! க்கேக்!" என்று அவள் ஒரு கத்து கத்தினால் போதும். கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்த குரங்கெல்லாம் மரத்தில் இருக்கும். மேய்ந்துகொண்டிருந்த மானெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். சிறுத்தை மட்டும் நடுவில் நின்று கொட்டாவி விடும்.

பிள்ளைகளே, அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவல்காரி நிழலில் உட்காரக் கூடாது. நிழல் கண்டால் தூக்கம் வருமாம். பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்கவும் இறங்கக் கூடாது. யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. பவளியும் கேட்டதில்லை. நெருப்பாய்க் கொதிக்கிற பாறையில், தொண்டை காய, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அதில் அவளுக்குப் பெருமைதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அத்தி பழுத்த முதல் நாள், தலைவன் கருவாலன் பாறைக்கு வருவான். காவல்காரியின் முகத்தை உற்றுப் பார்ப்பான். "முகம் தெளிவா இருக்கு, கண்ணும் தெளிவாத்தான் இருக்கும்" என்பான். அந்த வருஷக் காவல் அவளுக்கு.

இந்த வருஷம் அத்தி பழுக்க ஒரு நாள்தான் பாக்கி. அப்போது பார்த்துத் துள்ளி என்கிற இளம் மந்தி, தன் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு பாறை ஏறி வந்தாள்.

"பவளி அக்கா, கொஞ்சம் திரும்பு."

"எதுக்கு?"

"திரும்பேன்... அடியாத்தி! கண்ணோரத்துல என்ன இது, காக்கா நடந்துட்டுப் போன மாதிரி?"

"என்னடி சொல்றே?"

"கோடு அக்கா, கோடு! நெத்தியிலயும் இருக்கு. வயசாயிருச்சு. நாளைக்குத் தலைவர் பார்த்தா பாறை எனக்குத்தான். நீ பின் கிளையில உட்கார்ந்து பேன் பாரு!"

சொல்லிவிட்டுத் துள்ளி குதித்துக்கொண்டு போய்விட்டாள். பாறை போனால் பவளி யார்? பத்தோடு பதினொன்றாக ஒரு குரங்கு. அவ்வளவுதானே?

பொழுது சாய்ந்ததும் முதல் வேலையாகச் சேற்றுக்குட்டைக்கு ஓடினாள். குட்டைக்குள் ஓர் எருமை கழுத்துவரை முங்கிக் கிடந்தது. உலகத்தில் எது நடந்தாலும் அசையாத எருமை அது. பவளி குனிந்து தண்ணீரில் முகம் பார்த்தாள். கண்ணோரத்தில் கோடு. நெற்றியில் கோடு. மூக்கைச் சுளித்துப் பார்த்தாள், அங்கேயும் ரெண்டு.

"எருமையக்கா, நிஜமாவே கோடு விழுந்துருச்சே! நேத்துவரைக்கும் இல்லையே!"

எருமை ஒரு காதை மட்டும் ஆட்டியது. "நேத்தும் இருந்துச்சு. நீ இன்னிக்குப் பார்த்தே."

"எப்படி வந்துச்சு?"

"ஓர் இலையை எடு. ஒரே இடத்துல மடிச்சுப் பிரி, மடிச்சுப் பிரி. அந்த இடத்துல கோடு விழுதா இல்லையா? நீ நாள் முழுக்க வெயிலைப் பார்த்து மூஞ்சியைச் சுருக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கே. பச்சை இலையா இருந்தாலாவது கொஞ்சம் தாங்கும். நீ தண்ணியும் குடிக்கறதில்ல, சருகாட்டம் காயுறே."

"வயசு இல்லையா காரணம்?"

"வயசு அது பாட்டுக்கு மெதுவாத்தான் வரும். நீ வெயில்ல உட்கார்ந்து அதோட கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கே."

"சரி, இப்ப என்ன செய்யறது?"

"உச்சி வெயில்ல நிழலுக்குப் போ. தாகம் எடுத்தா குடி. மூஞ்சியில கொஞ்சம் சேறு பூசிக்கோ. நல்லாத் தூங்கு. விழுந்த கோடு மறையாது, புதுக் கோடு சீக்கிரம் விழாது."

பவளிக்கு எரிச்சல் வந்தது. "நாளைக்குக் காலையில எனக்கு முகம் வேணும். நீ அடுத்த வருஷத்துக்கு வைத்தியம் சொல்றே! சேத்துல புரளுறவளுக்கு அழகைப் பத்தி என்ன தெரியும்?"

எருமை கோபித்துக்கொள்ளவில்லை. மெல்லப் புரண்டு அந்தப் பக்கம் படுத்தது. சேறு வழிந்த இடத்தில் அதன் தோல் நாவல்பழம்போல மினுமினுத்தது. பவளி அதைக் கவனிக்கவில்லை.

குட்டைக்கரைப் புதரில் இன்னொருவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நரி.

"பவளியம்மா! அழாதீங்க. அந்த முகத்துக்கு அழுகை பொருந்தல."

"நான் அழலை. வெயில்ல கண்ணு கலங்கியிருக்கு."

"அதான் அதான். என்கிட்ட ஒரு பூச்சு இருக்கு. கருவேலம் பிசினும் காட்டுக்கோழி முட்டையும். பூசின கொஞ்ச நேரத்துல முகம் ஆத்தங்கரைக் கூழாங்கல் மாதிரி வழுவழுன்னு ஆயிடும். கோடு எங்கேன்னு நீங்களே தேடுவீங்க."

"உனக்கு இதுல என்ன லாபம், நரி?"

நரி நெஞ்சில் கை வைத்தது. "நல்லவங்க நல்ல இடத்துல இருக்கணும். எனக்கு வேற என்ன ஆசை?"

இதைக் கேட்டதும் பவளி எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஆசைப்பட்டவள் காதில் இனிக்கிற பேச்சு மட்டும்தானே விழும்? "நாளைக்கு விடியறப்போ கொண்டு வா" என்று சொல்லிவிட்டாள்.

விடியற்காலையில் நரி ஒரு தேக்கிலையில் பிசினை வழித்துக்கொண்டு வந்தது. முட்டையை உடைத்தது. மஞ்சள் கருவைத் தான் உறிஞ்சிக்கொண்டு வெள்ளைக் கருவைப் பிசினில் ஊற்றியது. தன் வால் நுனியாலேயே நன்றாகக் குழப்பிப் பவளியின் முகத்தில் பூசியது. நெற்றியில் ஒரு தீற்றல். கண்ணோரத்தில் ஒரு தீற்றல். வாயைச் சுற்றி மட்டும் அப்பு அப்பென்று அப்பியது.

"நரி, வாய்ப்பக்கம் எனக்குக் கோடே இல்லையே?"

"இன்னும் வரல. வராம இருக்கத்தான் பூசறேன். பேசாதீங்க, பேசாதீங்க! பேசினா பூச்சு விரிசல் விட்டுடும். பொழுது சாயுறவரைக்கும் வாயே திறக்கக் கூடாது."

பவளி தலையை மட்டும் ஆட்டினாள்.

வெயில் ஏறியது. பிசின் காய்ந்தது. காயக் காய முகத் தோல் இழுத்துக்கொண்டது. கோடெல்லாம் மாயம்! கூட்டமே பாறைக்கு வந்து வாயைப் பிளந்தது.

"அட, பவளிக்கு வயசு திரும்பிருச்சு!"

"மூஞ்சியில ஈ உட்கார்ந்தா வழுக்கி விழுந்துடும்போல!"

துள்ளி மட்டும் குட்டியின் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

கருவாலன் உற்றுப் பார்த்தான். "முகம் தெளிவா இருக்கு, கண்ணும் தெளிவாத்தான் இருக்கும். பவளி, இந்த வருஷமும் நீயே பார்த்துக்கிறியா?"

பவளி தலையாட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லேன்."

மறுபடியும் தலையாட்டினாள்.

"பாருங்கடா, எவ்வளவு அடக்கம்!" என்றான் கருவாலன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு பழுத்த அத்தியைத் தேடிக் கீழே இறங்கினார்கள்.

பவளிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் வெயில் குளிருமா? பாறை சுட்டது. பிசின் கல்லாய் இறுகியது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கலாம் என்றால் சுருங்கவில்லை. திறந்த கண் திறந்தபடி. எதிரே காடு முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சமாய்த் தெரிந்தது.

அந்த வெளிச்சத்துக்குள் மஞ்சளாய் ஏதோ அசைந்தது.

பவளி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நாணல் புதர். அதற்குள் சிறுத்தை! வயிறு தரையில் தேய ஊர்ந்து வருகிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு, யார்? நரி! மிச்சம் மீதி தின்ன வருகிறது.

வாய்க்கு எதற்கு அத்தனை பிசின் என்று பவளிக்கு அப்போதுதான் விளங்கியது.

"ம்ம்ம்!" என்று கத்தினாள். ஒரு கத்தும் வெளியே வரவில்லை. கையால் பிய்த்தாள். நகம்தான் வழுக்கியது. ஒரு கல்லை உருட்டிவிட்டாள். அது பாதியிலேயே இடுக்கில் சிக்கிக்கொண்டது. குட்டைக்கு ஓடி முகத்தை நனைக்கலாமா? அதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

கீழே குரங்குகள் நிம்மதியாகப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தன. மேலே பவளி இருக்கிறாள் என்ற நிம்மதி. எல்லோரையும் விட்டுத் தள்ளி, நாணல் புதருக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் துள்ளி. மடியில் குட்டி.

சிறுத்தை பின்னங்காலை மடக்கியது. பாயப் போகிறது.

பவளி கண்ணை இறுக்கினாள். நெற்றியைச் சுருக்கினாள். மூக்கைச் சுளித்தாள். இத்தனை வருஷம் வெயிலில் எப்படியெல்லாம் முகத்தைக் கோணினாளோ அப்படியெல்லாம், உயிரைக் கொடுத்துக் கோணினாள். எங்கெங்கே கோடு இருந்ததோ அங்கங்கே 'படக், படக்' என்று பிசின் விரிந்தது. கோடையில் குளத்துத் தரை வெடிக்குமே, அதுபோல. விரிந்த இடத்தில் விரலை விட்டு ஒரே இழுப்பு! பிசினோடு பாதித் தாடியும் கையோடு வந்துவிட்டது.

"க்கேக்! க்கேக்! க்கேக்!"

காவலுக்கும் கத்தினாள், வலிக்கும் சேர்த்துக் கத்தினாள்.

துள்ளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியை வாரி அணைத்துக்கொண்டு எகிறிக் கிளையைப் பிடித்துவிட்டாள். சிறுத்தையின் நகத்தில் அவள் வால் மயிர் கொஞ்சம்தான் மிஞ்சியது.

சிறுத்தை மெல்ல நரியின் பக்கம் திரும்பியது. "வாயை அடைச்சாச்சுன்னு சொன்னே?"

"அடைச்சேனுங்க... நல்லாத்தான் அடைச்சேன்..."

நரி ஓட்டம் பிடித்தது. புதருக்குப் புதர் ஒளிந்து பார்த்தது. எங்கே ஒளிய? பிசின் குழப்பிய வாலில் காட்டில் உள்ள சருகெல்லாம் ஒட்டிக்கொண்டு 'சலசல, சலசல' என்றது. சிறுத்தை அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போயிற்று. இரண்டு பேரும் மலை தாண்டி எவ்வளவு தூரம் போனார்களோ, யார் கண்டது?

கூட்டம் பாறைமேல் கூடியது. பவளியின் முகத்தைப் பார்த்துக் கருவாலன் திடுக்கிட்டான். தாடியில் ஒரு பக்கம் மயிர், ஒரு பக்கம் மொட்டை. கோடுகளெல்லாம் பழையபடி இருந்த இடத்திலேயே இருந்தன.

"பவளி, இது என்ன கோலம்?"

"பூசிக்கிட்டேன். நரி குடுத்த பிசினைப் புத்தி கெட்டுப் பூசிக்கிட்டேன். கோடு இருந்தா என்னை இறக்கிடுவீங்களேன்னு பயம். கடைசியில அந்தக் கோட்டு வழியாத்தான் பிசினும் விரிஞ்சுது."

கருவாலன் தலையைச் சொறிந்தான். "அந்தக் கோடு இருந்ததாலதானே இன்னிக்குப் பிசினே விரிஞ்சிருக்கு. உன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. பாறை உனக்குத்தான்."

"பாறை எனக்கு வேண்டாம்."

எல்லோரும் விழித்தார்கள்.

"அத்திமரத்து உச்சிக் கிளை இந்தப் பாறையைவிட உயரம். அங்கே நிழலும் உண்டு. வெயில் கண்ணுல குத்தாம இருந்தா இன்னும் நல்லாவே பார்ப்பேன். தாகம் எடுத்தா துள்ளியை உட்கார வெச்சுட்டுப் போய்க் குடிச்சுட்டு வருவேன்."

"நிழல்ல காவலா? நம்ம வழக்கம்..."

"சிறுத்தை நம்ம வழக்கத்தைப் பார்த்தா வருது?"

கருவாலன் உச்சிக் கிளையை அண்ணாந்து பார்த்தான். "சரி, ஏறு" என்றான்.

அன்று சாயங்காலம் பவளி சேற்றுக்குட்டைக்குப் போனாள். எருமையின் பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கத்தோடு ஒரு கை சேற்றை அள்ளி முகத்தில் பூசினாள். எருமை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அவ்வளவுதான்.

மறுநாள் உச்சிக் கிளையில் பவளி சுகமாக உட்கார்ந்திருந்தாள். துள்ளி குட்டியோடு வந்து எதிரே நின்றாள். நன்றி சொல்லத்தான் வந்தாள். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, கோடு அப்படியேதான் இருக்கு."

"இருக்கட்டும்டி. புதுசா விழாம பார்த்துக்கிறேன். உன் கண்ணோரத்தை எப்பவாவது பார்த்தியா?"

துள்ளி பதறிக் கையை வைத்துத் தடவினாள். "ஏன்? ஏன்? என்ன இருக்கு?"

"வெயிலைப் பார்த்துக்கிட்டு நிக்காதே. இந்தப் பக்கம், நிழலுக்கு வா. குட்டியையும் உள்ளே தள்ளி உட்கார வை."

துள்ளி சட்டென்று நிழலுக்குள் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பவளி கண்ணைச் சுருக்காமல் காட்டைப் பார்த்தாள். நாணல் புதரில் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தெரிந்தது.

நீதி: கோடு விழுமுன் நிழலைத் தேடுகிறவள் கெட்டிக்காரி, விழுந்த கோட்டை மறைக்க ஓடுகிறவள் தன் வாய்க்கே பூட்டுப் போட்டுக்கொள்கிறாள்.