வெட்டுப்பட்ட ஓடை

ஒரு காட்டின் குறுக்கே, பிள்ளைகளே, மண்ணில் நீண்ட கோடு ஒன்று கிடந்தது. கிழிந்த துணியைச் சேர்த்துத் தைத்தது போல இருக்கும். அதன் இரண்டு பக்கத்து நிலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நகரப் பார்க்கும்.

கோட்டின் மேற்கு முனையில் ஒரு முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளையில் வாழ்ந்தது. அங்கே நிலம் எந்நேரமும் முனகும். வருஷத்துக்கு ஒரு நகத்தின் அகலம் நகரும். வளையின் வாசல் ஒரு பக்கம் போகும், உள்ளறை இன்னொரு பக்கம் போகும். மழைக்காலம் முடிந்ததும் முள்ளம்பன்றி அலுத்துக்கொண்டே தோண்டிச் சரிசெய்யும்.

"அம்மா, சுவர் பல்லைக் கடிக்கிறது" என்று குட்டிகள் தூங்காமல் அழும்.

கோட்டின் கிழக்கு முனையில், கோட்டுக்குக் குறுக்கே தோண்டிய வளையில், ஓர் உடும்பு இருந்தது. பெருமை பிடித்த உடும்பு.

"முள்ளக்கா, இன்னுமா அந்த முனகல் வீட்டில் கிடக்கிறாய்? என் பக்கம் வா. என் பாட்டன் காலத்திலிருந்து ஒரு மண்துகள் நகர்ந்ததில்லை. பக்கத்திலேயே காலி வளை இருக்கிறது" என்றது.

குட்டிகளின் தூக்கத்துக்காக முள்ளம்பன்றி உடும்போடு கிளம்பியது.

கிழக்கே ஒரு சத்தமும் இல்லை. எறும்பு ஊர்ந்தால்கூடக் கேட்கும் போலிருந்தது. ஆனால் நடக்க நடக்க முள்ளம்பன்றியின் முட்கள் தாமாகவே எழுந்து நின்றன. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்பது போல இருந்தது. குட்டிகள் அம்மாவின் கால்களுக்கு நடுவே புகுந்துகொண்டன.

மலையிலிருந்து இறங்கி வந்த வறண்ட ஓடை ஒன்று அந்தக் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. எதிரே மண் சுவர். முள்ளம்பன்றி பக்கவாட்டில் நடந்து பார்த்தது. பன்னிரண்டு தப்படிக்கு அப்பால், அதே அகலத்தில், அதே வெள்ளைக் கூழாங்கற்களோடு அந்த ஓடை மறுபடி தொடங்கியது.

"தம்பி, இந்த ஓடையை யார் துண்டாக்கியது?"

"அது எப்போதும் அப்படித்தான் அக்கா. வீடு பார்க்க வந்தாயா, ஓடை பார்க்க வந்தாயா?"

"என் வீட்டருகே ஓடை வளைந்து போகிறது. நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளியதில் வளைந்தது. இங்கே வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரே தள்ளு. உன் பாட்டனுக்கும் முந்தி நடந்திருக்கும். அதற்குப் பிறகு நகர வேண்டியதெல்லாம் எங்கே போயிற்று?"

"எங்கும் போகவில்லை. நகரவில்லை, அவ்வளவுதான்!" உடும்பு வாலைத் தரையில் அடித்துச் சிரித்தது.

"நீயும் என்னோடு வந்துவிடு தம்பி. இடம் இருக்கிறது."

"அந்தப் பல்கடிக்கிற பொந்திலா? பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்களா?"

முள்ளம்பன்றி குட்டிகளைத் திரும்ப அழைத்துப் போனது.

நான்கு கோடைகள் கழிந்தன. ஒரு மத்தியானம் பறவைகள் எல்லாம் ஒன்றாக வாயடைத்தன. கிழக்கே ஒரு தள்ளு. மறுபடி எல்லாம் அசையாமல் கிடந்தது.

முள்ளம்பன்றி ஓடிப்போய்ப் பார்த்தது. உடும்பு வளையின் வாசல் அப்படியே திறந்திருந்தது. உள்ளே தலையை நீட்டினால், ஒரு முழம் தாண்டியதும் வழவழவென்று சுவர்.

"தம்பி!"

முள்ளம்பன்றி காதை மண்ணில் வைத்தது. வாசலுக்கு நேர் கீழே எதுவும் கேட்கவில்லை. ஒன்பது தப்படி தள்ளி, ஆழத்தில், நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது.

அங்கே தோண்டியது. முட்கள் உதிர உதிரத் தோண்டியது. பொழுது சாயும்போது சத்தம் ஓய்ந்தது. அதற்குப் பிறகும் அது தோண்டிக்கொண்டிருந்தது.

நீதி: அன்றன்றைக்கு முணுமுணுத்துத் தீர்ப்பவரோடு குடியிருக்கலாம், நெடுநாள் வாய் திறக்காமல் சேர்த்து வைப்பவரிடமிருந்து தள்ளியே இரு.