தையல்நாயகியின் குரலில் ஒரு பதில்

இந்தக் கதையைப் பல வருஷங்களாக நான் சந்தேகித்து வருகிறேன்.

எனக்குச் சொன்னவள் ஜெசிந்தா. பலகுரல் கலைஞர். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா என்று அவள் ஏறாத மேடை இல்லை. இதைச் சொல்லும்போது அப்பா பேசும் இடத்தை அப்பாவின் குரலில் சொல்வாள். குருவின் இடத்தைக் குருவின் குரலில் சொல்வாள். ஒரே வாயிலிருந்து மூன்று பேர் பேசினால் யாரை நம்புவது?

நம்பாமலே இதை மற்றவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

“அக்கா, என்னை எப்ப மேடை ஏத்துவீங்க?”

இப்படிக் கேட்டபோது ஜெசிந்தாவுக்குப் பதினேழு வயது. வீடு திண்டுக்கல்லில். அப்பா அருளப்பனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவர் குடித்துவிட்டு வந்தால் அம்மாவும் அவளும் பக்கத்து வீட்டு மாடியில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். ஒருநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் கரூருக்குப் பஸ் ஏறினாள். பலகுரல் தையல்நாயகியின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“எனக்கு என் குரலே வேணாம்க்கா. வேற யார் குரல்னாலும் குடுங்க.”

தையல்நாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சாப்பிட்டியா?”

அவ்வளவுதான் கேட்டாள். சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஜெசிந்தாவின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினாள்.

“குரலைப் பிடிக்கத்தானேக்கா வந்தேன்? காதை அடைச்சா எப்படி?”

“காது சட்டுனு ஏமாந்துரும். கண்ணால கேளு. வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆளோட தோள் என்ன பண்ணுது, கழுத்து என்ன பண்ணுதுன்னு பாரு.”

பார்த்தாள். கண்டக்டரைப் பிடித்தாள். வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவைப் பிடித்தாள். கடைசியில் தையல்நாயகியையே பிடித்தாள். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிய அந்தக் கனத்த குரல். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு செருமல்.

அப்போதுதான் மேடையைப் பற்றிக் கேட்டாள்.

“நீ நீயில்லேன்னு ஒரு ஆளாச்சும் நம்பணும்,” என்றாள் தையல்நாயகி. “அன்னைக்கு ஏத்தறேன்.”

“கண்டக்டர் குரல் அச்சு அசலா வருதேக்கா!”

“வருது. யாராச்சும் உன்கிட்ட டிக்கெட் கேட்டாங்களா?”

ஜெசிந்தா உர்ரென்று வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கதவைத் தட்டும் சத்தம்.

“அம்மா, வீட்ல யாருங்க?”

வெங்காயம் கையிலிருந்து உருண்டது.

“எங்கப்பா.” உதடுதான் அசைந்தது. “இழுத்துட்டுப் போயிருவாருக்கா. நான் இங்க இல்லேன்னு சொல்லுங்க.”

தையல்நாயகி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“தொண்டை கட்டிக்கிச்சு. நீயே சொல்லு.”

“நானா?”

“மேடை கேட்டியே புள்ள.” மோவாயால் கதவைக் காட்டினாள். “அந்தா இருக்கு.”

ஜெசிந்தா எழுந்து போனாள். கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. தோளைத் தளர்த்தினாள். இல்லாத வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கினாள்.

“யாருங்க அது?”

தையல்நாயகியின் குரல்.

வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

“நான் திண்டுக்கல்லுங்க. பேரு அருளப்பன். என் பொண்ணைத் தேடி...”

“இங்க எந்தப் பொண்ணும் இல்லீங்க.”

“ஒரு கல்யாணத்துல உங்ககூடப் பாத்ததாச் சொன்னாங்க.”

“கல்யாண வீட்டுக்கு ஆயிரம் பேரு வருவாங்க, போவாங்க. நீங்க வேற எடம் பாருங்க.” ஒரு செருமல்.

செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். கேட்கவில்லை. அவர் அங்கேயேதான் நின்றிருந்தார்.

“சரிங்கம்மா. இல்லேன்னா இல்லைதான்.”

பிறகு, தணிந்த குரலில்:

“ஒருவேளை வந்துச்சுன்னா... அதுக்குப் பால் சேராதுங்க. டீயில பால் ஊத்திக் குடுத்துராதீங்க. வேணாம்னு வாயைத் தொறந்து சொல்லாது. குடிச்சிட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு கெடக்கும்.”

“சரிங்க.”

“ராத்திரி அது பயப்படாமத் தூங்குச்சுன்னா அதுவே...” அவர் முடிக்கவில்லை. “வெயில் ஏறிருச்சு. வாரேன்மா.”

செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

ஜெசிந்தா திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

“நம்பிட்டாருக்கா! பெத்த அப்பாவே நம்பிட்டாரு! இனி மேடை ஏத்தித்தான் ஆகணும்!”

“அந்தச் செருமல்கூட என்னோடதுதான்,” என்றாள் தையல்நாயகி. அவளுக்குத் தொண்டை ஒன்றும் கட்டியிருக்கவில்லை. “நல்லாப் பண்ணினே.”

“அப்ப ஏத்தறீங்களா?”

“ஏத்தறேன். ஒண்ணு சொல்லு. உங்கப்பா இதுக்கு முன்னாடி என் குரலைக் கேட்டிருக்காரா?”

“இல்லையே.”

“அப்ப நீ என்னை மாதிரிப் பேசினேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

ஜெசிந்தா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த வீட்ல அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச குரல் ஒண்ணே ஒண்ணுதான் புள்ள.”

தையல்நாயகி குனிந்து, உருண்டு போன வெங்காயத்தை எடுத்தாள்.

“இவ்வளவு தூரம் வந்தவரு, கதவைத் தொறங்கன்னு ஒரு தடவையாச்சும் கேட்டாரா?”

ஜெசிந்தா கதையை எப்போதும் இங்கேதான் நிறுத்துவாள். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவள் தண்ணீர் குடிப்பாள்.

பொண்டாட்டி பிள்ளையை அடுத்த வீட்டுக்கு விரட்டிய ஒருவர் அப்படி நின்று பேசுவாரா? தனக்கு வேண்டிய அப்பாவை அவளே தன் தொண்டையில் செய்துகொண்டாளா? நெடுநாள் இதையே யோசித்தேன். இப்போதெல்லாம் அந்த யோசனை வருவதில்லை. நான் அவளிடம் கேட்காமல் விட்டது வேறொன்று என்று பட்டது.

போன மாதம் கரூரில் ஒரு கல்யாண மண்டபம். அவள் மேடை ஏற இன்னும் நேரம் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

“அந்த வீட்டுலருந்து பஸ் ஸ்டாண்டு பக்கந்தானே, ஜெசிந்தா. அவர் பஸ் ஏறுறதுக்குள்ள, கதவைத் தொறந்துகிட்டு நீ ஓடினியாம்மா?”