தோற்கத் தெரிந்த செஸ்

"உலகத்தையே ஜெயிக்கிற செஸ் சாஃப்ட்வேர் வேணும். ஆனா என்கிட்ட மட்டும் தோக்கணும். இல்லேன்னா உன் வேலை போச்சு!" என்றார் கம்ப்யூட்டர் கடை முதலாளி தணிகாசலம்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருந்த பெர்னதெத் அசரவில்லை. இருப்பதிலேயே வலுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"தோக்குற மாதிரி இருந்தா இந்தப் பட்டனை அமுக்குங்க சார். பலகை திரும்பிடும். அதோட காய் உங்களுக்கு, உங்க காய் அதுக்கு."

தணிகாசலம் ஜெயித்தார், தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டு, பெர்னதெத்தையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆடினார். எந்தப் பக்கம் மாறினாலும் சற்று நேரத்தில் அவர் பக்கமே நொண்டியது. அமுக்கினார், மறுபடி அமுக்கினார். பதினோராவது தடவை அமுக்கிவிட்டு, ராணியை நகர்த்தி "செக்மேட்!" என்று கத்தினார்.

பல் டாக்டர் சபாபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாருக்குய்யா?"

"நீயே சொல்லும்மா, தோத்தது யாரு?" என்று உறுமினார் தணிகாசலம்.

"கம்ப்யூட்டர்தான் சார். நீங்க ஆடிக் கெடுத்த ஆட்டத்தை அது தலையில கட்டினா, பாவம், அது என்ன பண்ணும்?"

வீடே சிரித்தது. அவர் கேட்டபடியே கம்ப்யூட்டர் தோற்றுவிட்டதால் அவளை வேலையை விட்டு அனுப்பவும் வழியில்லை.

தணிகாசலம் இப்போதும் தினமும் ஜெயிக்கிறார், அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு.