கடைமடைக்கு மட்டும் முந்தி அடித்த மணி

மருதவேல் மன்னரின் அவையில் சாத்தன் என்றொருவன் இருந்தான். மன்னரைச் சிரிக்கவைப்பது உத்தியோகம். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் ஒருநாள் அவனுடைய வலக்கைக்கே உலை வைத்தது.

அந்த நாட்டு ஏரி மடைகளில் எல்லாம் ஒரு பெட்டி உண்டு. ஊருக்கொரு பித்தளைத் தகடு. அதில் அந்த ஊரின் தண்ணீர் நேரம் பொறித்திருக்கும். தகட்டைச் செருகினால் மடை திறக்கும். நேரம் முடிந்ததும் மணி அடித்து மூடிக்கொள்ளும். செய்தவர் அரண்மனைத் தச்சர் பிறைசூடியார். தம் பெட்டியின் உள்வேலையைப் பார்த்து வேறு எவன் செய்தாலும் வலக்கையை வெட்டவேண்டும் என்று மன்னரிடம் செப்புப் பட்டயமும் வாங்கிவிட்டார். அப்புறம் கேட்பானேன்? ஒரு பெட்டி பழுதானால், அவர் கேட்ட விலையைக் கொடுக்க ஊரே உழவு மாட்டை விற்றது.

"மன்னா, எங்கும் புல்லை மாடு மேயும். நம் நாட்டில் மாட்டைப் பட்டயம் மேய்கிறது" என்று சொல்லிவைத்தான் சாத்தன்.

மன்னருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் நீயே ஒரு பெட்டி செய். அதே தகடுகள் அதில் வேலை செய்யவேண்டும். பட்டயத்தை மீறினாயோ, கை போகும்!"

பிறைசூடியார் மீசைக்குள் சிரித்தார். சாத்தன் கையைப் பிசைந்தான். இருக்கும்வரை பிசைந்துகொள்ளலாமே!

பிறகு ஒரு மண்டபத்தின் நடுவே சுவர் எழுப்பினான். இந்தப் பக்கம் பிறைசூடியாரின் பெட்டி, திறக்காமல். தகட்டைப் போட்டுப் பார்த்துச் சொல்ல நாலு பேர். அந்தப் பக்கம், அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத மலைநாட்டுக் கொல்லர்கள். "இந்தத் தகட்டுக்கு இவ்வளவு நேரம் மடை திறக்கிறது" என்று சுவரைத் தாண்டிக் குரல் மட்டும் போகும். வேறு பேச்சுக் கூடாது. காவலுக்குப் பிறைசூடியாரின் மைத்துனரையே உட்காரவைத்தான்.

ஒருநாள் கொல்லர் தலைவன் பூதன் வந்து தலையைச் சொறிந்தான். "சாமி, கடைமடை ஊர்த் தகட்டுக்கு மட்டும் நேரம் முடியுறதுக்குள்ள மணி அடிக்குதாம். தப்பாச்சே! நாம சரி பண்ணிடலாமா?"

"தொட்டுடாதே அப்பா! அது எப்படி நடக்குதோ, நம்மதும் அப்படியே நடக்கணும். என் கையே அதுலதான் இருக்கு."

அவை கூடியது. புதுப் பெட்டி செருகிய தகட்டுக்கெல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. திறந்து பார்த்தார்கள். பிறைசூடியார் பெட்டியில் பல்சக்கரங்கள் என்றால் இதில் மரக்கிண்ணங்களும் கூழாங்கற்களும். மைத்துனரும் வேறு வழியில்லாமல், "யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை" என்றார். கடைசியாகக் கடைமடைத் தகட்டைச் செருகினார்கள். மணி முந்தி அடித்தது.

"திருட்டு!" என்று துள்ளி எழுந்தார் பிறைசூடியார். "மன்னா, முந்தி அடிப்பது என் பெட்டி மட்டும்தான்!"

"ஐயா, அது ஏதோ கைப்பிசகு. இரண்டிலும் தற்செயலாக வந்திருக்கும்" என்றான் சாத்தன், பால் குடித்த பூனையாக.

"கைப்பிசகா? என் வேலையிலா? நான் வேண்டுமென்றே வைத்ததடா அது!"

மைத்துனர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மன்னர் நிமிர்ந்தார். "கடைமடைக்காரர்கள் தண்ணீர் போதவில்லை என்று அழுதபோது, வெயில் குடித்துவிடுகிறது என்றீரே? மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது?"

சாத்தன் பணிவாகச் சொன்னான்: "கடைமடைக்கு முன்னால் இருக்கும் அவருடைய வாழைத்தோப்புக்கு, மன்னா. ஆனால் பட்டயத்தை முழுதாக ரத்து செய்துவிடாதீர்கள். முந்தி அடிக்கும் மணி அவருடைய சொந்தச் சரக்கு. இனி நாட்டில் எவனும் அதைச் செய்யக்கூடாது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டியை இனி யாரும் செய்யலாம் என்றார். சாத்தனின் வலக்கைக்கு ஒரு தங்கக் காப்பும் போட்டார்.

அந்தக் கோடையில் கடைமடை வயல் பச்சையாக நின்றது. பிறைசூடியார் அவைக்கு ஓடிவந்தார். "மன்னா, என் தோப்புக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எங்கேதான் போகிறது?"

காப்பைத் திருகிக்கொண்டே சாத்தன் சொன்னான்: "வெயில் குடித்துவிடுகிறது, ஐயா."